சேலத்தில் எப்போது சாப்பிடுவது?

வெளியூர் நண்பர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "சேலத்தில் எங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, கேள்வியிலேயே பிசகு இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு மெஸ்ஸில் பன்னிரண்டரைக்குக் கிடைக்கிற குடல் குழம்பு இரண்டு மணிக்குக் கிடைக்காது. மாலை ஆறு மணிக்கு நிற்க இடமில்லாத தெருமுனை, காலை பதினொன்றுக்குப் போனால் வெறும் தெருமுனை. ஜனவரியில் மல்கோவா கேட்டால் சிரிப்பார்கள். எங்கே என்பது தானாகத் தெரிந்துவிடும். எப்போது என்பதைத்தான் முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இது முதல்முறை வருகிறவர்களுக்காக எழுதுவது. இரண்டு நாள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

தங்குமிடம்

ஜங்ஷன் ரயில் நிலையம் சூரமங்கலம் பக்கம் இருக்கிறது. பழைய ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. இடையில் புதிய பஸ் நிலையம். சாப்பாட்டுக்காக வருகிறவர்கள் பழைய பஸ் நிலையத்தின் பக்கம் அறை எடுப்பதே நல்லது. கடைவீதி, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை என்று நாம் போக வேண்டிய பேட்டைகள் எல்லாம் அங்கிருந்து ஆட்டோ தூரம். ஆட்டோ ஏறும்போது "பஸ் ஸ்டாண்ட்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். பழையதா புதியதா என்று சொல்லாவிட்டால் ஊரின் வேறொரு மூலையில் இறங்குவீர்கள்.

யாரைக் கேட்பது

லாட்ஜ் வரவேற்பில் "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் குளிர்சாதன அறை உள்ள, பன்னீர் பட்டர் மசாலா கிடைக்கிற ஓர் இடத்துக்குத்தான் அனுப்புவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. விருந்தாளிக்கு எது மரியாதை என்று யோசித்துச் சொல்கிறார்கள். அந்த மரியாதை நமக்கு வேண்டாம்.

உடம்பு நோக வேலை செய்து, குறித்த நேரத்தில் பசிக்கிறவர்களைக் கேளுங்கள். சேலத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிற பையன்கள், அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள். கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். "எங்கே நன்றாக இருக்கும்?" என்றால் மனிதன் யோசிக்கத் தொடங்கிவிடுவான், யோசித்தால் பெரிய ஹோட்டல் பெயர்தான் வரும். "அண்ணா, நேற்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். அதோடு, "எத்தனை மணிக்குப் போனீர்கள்?" என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் பாதி.

காலை

ஆறரைக்கு எழுந்து நடக்க முடிந்தால், வீட்டு வாசலிலேயே நடக்கும் இட்லிக் கடைகள் கண்ணில் படும். பெயர்ப் பலகை இருக்காது. ஓர் அக்கா, ஒரு விறகடுப்போ கேஸ் அடுப்போ, துணி போட்ட இட்லித் தட்டு, பக்கத்தில் இரண்டு வாளி. ஒன்பது மணிக்கு மாவு தீர்ந்ததும் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்னி வாளிக்குப் பக்கத்தில் குடல் குழம்போ தலைக்கறிக் குழம்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இட்லியின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லுங்கள்.

மதியம்: மெஸ்

தஞ்சாவூர் நண்பர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே புகழ்கிற மெஸ் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். கோயில், கடைவீதி எல்லாம் சுற்றிவிட்டு ஆற அமரப் போனபோது மணி இரண்டரை. இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தோம், பரிமாறுகிறவர் வந்து பக்கத்தில் நின்று, "ரசம் இருக்கிறது, ஆம்லெட் போட்டுத் தரலாம்" என்றார். நண்பர் நல்லவர், ஆம்லெட்டைப் பாராட்டியே சாப்பிட்டார். நான்தான் இன்றுவரை அந்த இலையை மறக்கவில்லை.

ஆகவே பன்னிரண்டே முக்காலுக்குள் உட்கார்ந்துவிடுங்கள். ஒன்றேகால் வரை தாங்கும். சமையல் ஒரே தடவைதான். குடல், ரத்தப் பொரியல், ஈரல், தலைக்கறி ஆகியவை ஆட்டுக்கு இவ்வளவுதான் என்று அளவு உள்ளவை, அதனால் முதலில் தீரும். உட்கார்ந்ததுமே, சோறு வருவதற்கு முன்பே, தொடுகறி என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல்லிவிட வேண்டும்.

குழம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பிறகு ரசம், மோர். புதியவர்கள் முதல் குழம்பிலேயே சோற்றை மொத்தமாகப் பிசைந்துவிட்டுத் திண்டாடுவார்கள். சோற்றை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கை ரசத்துக்குக் கட்டாயம் ஒதுக்குங்கள், அதிலும் பச்சைப்புளி ரசம் என்றால் இன்னொரு கரண்டி கேளுங்கள். அது அடுப்பே ஏறாத ரசம். கரைத்த புளியில் சின்ன வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி எல்லாவற்றையும் கையாலேயே நசுக்கிவிடுவது. வீடுகளில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குப் பக்கத்துணை. மெஸ்களில் எல்லா நாளும் இருக்காது, கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிபாளையம் சிக்கன் பலகையில் எழுதியிருந்தால் தயங்க வேண்டாம். 1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை பள்ளிபாளையமும் சேலம் மாவட்டம்தான், அதனால் உரிமையோடு சமைக்கிறார்கள். மசாலாப் பொடிக்கு அதில் பெரிய வேலை இல்லை. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், இவ்வளவுதான். கறி சிவப்புக் குழம்பில் மிதந்து வந்தால் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம்.

அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அசைவ மெஸ்களைத் தவிர்த்துவிடுங்கள். பாதிக் கடைகளில் அடுப்பு மந்தமாக எரியும். கூட்டம் இல்லாத நாளில் சமைத்த கறிக் குழம்பு கூட்டமுள்ள நாளின் குழம்பு போல வராது. ஏன் என்று விளக்க எனக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரிகிறது. ரயில் டிக்கெட் எடுக்கும் முன் நாள்காட்டியில் ஒரு கண் வையுங்கள்.

மாலை: தட்டுவடை செட்

இதற்காகத்தான் சேலம். மற்றதெல்லாம் வேறு ஊரிலும் ஒருவாறு கிடைக்கும்.

பெயரைக் கேட்டு உளுந்து வடையை எதிர்பார்க்காதீர்கள். தட்டுவடை என்று நாங்கள் சொல்வது மற்ற ஊர்க்காரர்களின் தட்டை. அதையே சின்னதாக, ஒரே வாயில் போடுகிற அளவில் தட்டிச் சுட்டிருப்பார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்தால் ஒரு செட். நாலரை, ஐந்து மணிக்குத் தள்ளுவண்டிகள் முனைகளில் வந்து நிற்கும். அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாபேட்டை என எந்தப் பேட்டையில் கேட்டாலும் தங்கள் தெரு வண்டிதான் அசல் என்பார்கள். நம்பலாம், ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

வேலையைக் கிட்ட நின்று பாருங்கள். நான் வழக்கமாகப் போகும் வண்டியில் அண்ணன் ஒருவர், அறுபதைத் தாண்டியிருப்பார். தட்டில் ஆறு தட்டுவடையைச் சீட்டுப் போடுவது போல வரிசையாகப் போடுகிறார். பச்சைச் சட்னியைக் கரண்டியின் முதுகில் தொட்டு ஆறின் மேலும் ஒரே இழுப்பு. அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மூன்று விரலால் அள்ளி ஆறு சின்னக் கோபுரம். பிறகு இன்னோர் ஆறு தட்டுவடையில் சிவப்புச் சட்னியைத் தடவி, கோபுரத்தின்மேல் கவிழ்த்துக் கட்டைவிரலால் லேசாக ஓர் அழுத்தம். அந்த அழுத்தத்தில் கேட்கிற மெல்லிய 'கறுக்'தான் கணக்கு. அது கேட்காவிட்டால் தட்டுவடை நமுத்துப்போனது என்று அர்த்தம். சென்ற வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி, "அண்ணா, காரம் இல்லாமல் கொடுங்கள்" என்றாள். "காரம் இல்லாமல் என்றால் வெறும் பொரிதான் இருக்கிறது பாப்பா, தரட்டுமா?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

எந்த வண்டியில் நிற்பது என்பதற்கு எனக்கு ஒரு சோதனை உண்டு. காய் இருக்கிற பாத்திரத்தைப் பாருங்கள். கேரட் ஆரஞ்சாகவும் பீட்ரூட் சிவப்பாகவும் தனித்தனியாகத் தெரிந்தால் இப்போதுதான் துருவியது. எல்லாம் சேர்ந்து ஒரே சிவப்பாகக் கசிந்து கிடந்தால் மதியமே துருவி வைத்தது. நகர்ந்துவிடுங்கள். சட்னியின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றாலும் அப்படியே.

முதல் தட்டு சாதா செட்டாகவே இருக்கட்டும். அடுத்து பூண்டு செட், மாங்காய் செட், தக்காளி செட், முறுக்கு செட் என்று போகலாம். முட்டை செட்டும் உண்டு. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை, முட்டை மற்ற எல்லாவற்றின் வாயையும் அடைத்துவிடுகிறது. கடைசியாக நொறுக்கல்: தட்டுவடையைக் கையால் நொறுக்கி, காயும் இரண்டு சட்னியும் சேர்த்துக் குலுக்கித் தருவது. கரண்டியால் சாப்பிட வேண்டும், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், உடனே சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் அடித்தட்டு ஊறிவிடும். அறைக்குப் பார்சல் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தட்டுவடையை மட்டும் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டு, சட்னியை வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

இதே வீதிகளில் குச்சிக்கிழங்கும் பார்ப்பீர்கள். மரவள்ளிக்கு இங்கே அதுதான் பெயர். வேகவைத்தது, சிப்ஸ் போட்டது இரண்டும் உண்டு. சேலத்து ஜவ்வரிசி எல்லாம் இந்தக் கிழங்கிலிருந்து வருவதுதான். 1940களில் போர்க்காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றபோது தொடங்கிய தொழில் இது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜவ்வரிசி வடகம் வாங்கிக்கொள்ளலாம், கனம் இல்லாத சுமை.

மாம்பழம், வெல்லம்

மாம்பழத்துக்கென்றே வருவதாக இருந்தால் மே நடுவிலிருந்து ஜூன் வரை வாருங்கள். ஏப்ரலில் செந்தூரா வந்துவிடும். மல்கோவாவும் இமாம் பசந்தும் அப்புறம்தான். உருண்டையாக, கனமாக, சதை அதிகமும் நார் குறைவுமாக இருப்பது மல்கோவா. இமாம் பசந்து பழுத்தாலும் தோலில் பச்சை போகாது, தோல் மெலிசு. இரண்டுமே பார்வைக்கு ஏமாற்றுகிற பழங்கள். பஸ் நிலைய வாசலில் பொன்போல ஒரே மஞ்சளாக அடுக்கியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நானே ஒரு தடவை ஏப்ரல் தொடக்கத்தில் அப்படி ஒரு பெட்டி வாங்கி, மாமியார் வீட்டில் கொடுத்து, வெட்டிப் பார்த்தால் கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையாகப் புளித்தது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது தடை செய்யப்பட்டதுதான். ஆனாலும் காம்பருகில் முகர்ந்து பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். வாசனை வராத மஞ்சள் வெறும் நிறம். சூரமங்கலம், அம்மாபேட்டை உழவர் சந்தைகளில் காலையிலேயே போய்ப் பார்த்தால் பக்கத்து ஊர்த் தோட்டத்துக் காய்களும் கிடைக்கும்.

வெல்லத்திலும் இதே கதை. பளிச்சென்ற மஞ்சளை விட்டுவிட்டுக் கறுத்த உருண்டையைக் கேளுங்கள்.

ஏற்காடு

மலையேறுகிறவர்கள் உணவைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே ஹோட்டல்களில் கிடைப்பது பெரும்பாலும் கீழே கிடைப்பதுதான், விலை மட்டும் மலையேறியிருக்கும். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்போலத்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பன்னிரண்டாவது வளைவில் வருத்தப்படுவீர்கள். காலை முதல் பஸ்களில் ஏறிவிட்டு மேலே போய்ச் சாப்பிடுங்கள். சனி, ஞாயிறு பத்து மணிக்குமேல் மலைப்பாதை கார்களால் நிரம்பிவிடும்.

மேலே தேடவேண்டியது காப்பி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த செடி. இன்றும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே எஸ்டேட் எஸ்டேட்டாக இருக்கிறது. ஆனால் டீக்கடையில் "ஏற்காடு காப்பி" என்று கேட்டால் எந்தத் தூளையும் போட்டுத் தருவார்கள். வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்குப் போய், என்றைக்கு வறுத்தது, சிக்கரி எத்தனை பங்கு என்று இரண்டையும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடையில் சிக்கரி இல்லாமல் கால் கிலோ வாங்குங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்து சில நாள் கழித்துப் போனால் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை வாசம். அது சாப்பாட்டுக் கணக்கில் சேராது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜிக்கு நேரம் மாலை நாலரைக்குமேல். குளிர் இறங்கத் தொடங்கினால்தான் அது ருசிக்கும். தட்டில் மலையாகக் குவித்து வைத்திருப்பதை விட்டுவிட்டு, வாணலியிலிருந்து இப்போது எடுப்பதற்காகக் காத்திருங்கள். கையில் பொட்டலத்தோடு நடக்காதீர்கள். குரங்குகள் உங்களைவிட நன்றாக நேரம் பார்க்கும்.

சேர்வராயன் மலையின் சொந்தச் சாப்பாடு இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில் இருக்கிறது. கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆள்கிறவர்கள். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அவர்களுடையவை. ஹோட்டல் பலகையில் அதைத் தேடிப் பயனில்லை. கடைகளில் சாமை, மிளகு, பருவத்தில் பலா, கொய்யா, ஆரஞ்சு, வெண்ணெய்ப் பழம் வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

மூன்றாம் நாள் இருந்தால் மேட்டூருக்கு ஒரு நடை. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில். 1934இல் கட்டி முடித்த அணை. அணைப் பூங்காவைச் சுற்றி மீன் வறுவல் கடைகள். பச்சை மீனைக் காட்டச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து, அதையே வறுக்கச் சொல்லுங்கள். முள் அதிகம், பேச்சைக் குறையுங்கள்.

ஆடி முதல் நாள்

ஒன்றை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கும். அதற்குச் சில நாள் முன்பே சேலம் கடைவீதிகளில் நீளமாகச் சீவிய அழிஞ்சில் குச்சிகளைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். எதற்கு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. முற்றிய தேங்காயின் நாரை உரித்து, சிமெண்டுத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடிப்பார்கள். அந்தத் துளை வழியே பாசிப்பருப்பு, வெல்லம், அவல், எள், பொட்டுக்கடலை எல்லாம் உள்ளே போகும். வடித்த தண்ணீரையும் கொஞ்சம் ஊற்றி, குச்சியைச் செருகி, மஞ்சள் பூசித் தெருவிலேயே தீ மூட்டிச் சுடுவார்கள். ஓடு வெடிக்கிற சத்தம் கேட்டால் வெந்தது. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே தேங்காயும் பருப்பும் வெல்லமும் புகை வாசத்தோடு ஒன்றாகக் கெட்டியாகி இருக்கும்.

அன்று மாலை சேலத்தில் இருக்க நேர்ந்தால் ஒரு தேங்காயும் ஒரு குச்சியும் வாங்கிக்கொண்டு, தீ எரிகிற தெருவுக்குள் நடங்கள். ஐந்தாறு பையன்கள் நிற்பார்கள். "தம்பி, இதையும் கொஞ்சம் சுட்டுக் கொடுப்பீர்களா?" என்று கேட்டால், உங்கள் கையிலேயே குச்சியைத் திருப்பிக் கொடுத்து, ஓரத்தில் இடம் விட்டு நகர்ந்து நிற்பார்கள். புகை போகிற பக்கம் நிற்காதீர்கள், கண் எரியும்.